பழைய பைக்கில் கோன் செட் சரிசெய்வது: புதியவர்களுக்கான செய்முறை

எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமானதுதான். முன் பிரேக்கைப் பிடித்ததும் ஹேண்டில்பாருக்குக் கீழே எங்கோ ஒரு 'டக்'. பள்ளத்தில் இறங்கி ஏறினால் இன்னொரு 'டக்'. மெக்கானிக்கிடம் காட்டினால் வண்டியை ஒருமுறை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவார்: "கோன் லூஸ்."

அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அதன்பிறகு நடப்பதுதான் எனக்குப் பிடிப்பதில்லை. உளியை நட்டின் பள்ளத்தில் வைத்து, சுத்தியலால் நாலு தட்டு. சத்தம் நின்றுவிடும். வண்டியும் கைக்கு வந்துவிடும். ஆனால் ஓட்டும்போது ஹேண்டில் மட்டும் கொஞ்சம் பிடிவாதமாக இருக்கும். இந்த வேலைக்குத் தேவை பலம் இல்லை, விரல் நுனி உணர்வு. அதனால்தான் நேரம் எடுத்து நாமே வீட்டு வாசலில் செய்வது நல்லது.

கோன் என்பது எது?

வண்டியின் ஃபிரேமில், டேங்குக்கு முன்னால் சற்றே சாய்வாக ஒரு தடித்த குழாய் இருக்கும். அதுதான் ஹெட் பைப். அதற்குள் ஒரு தண்டு சுழல்கிறது. தண்டின் அடியில் இரண்டு ஃபோர்க்கையும் பிடித்திருக்கும் பாகத்தை 'டி' என்பார்கள். மேலே ஃபோர்க்குகளின் தலையைப் பிடித்திருப்பது மேல் பிளேட். ஹெட் பைப்பின் மேல் வாயிலும் கீழ் வாயிலும் ஆளுக்கொரு கப், ஒரு கோன், இரண்டுக்கும் நடுவில் வரிசையாகப் பால்ரஸ் குண்டுகள். இது மொத்தமும்தான் கோன் செட், ஹேண்டில் திரும்புவது இதன்மேல்தான். ஆர்எக்ஸ் 100, சிடி 100, ஸ்பிளெண்டர், திருவொற்றியூர் தொழிற்சாலையில் பல பத்தாண்டுகள் உருவான பழைய புல்லட் எல்லாவற்றிலும் அடிப்படை அமைப்பு இதுதான்.

வீல் பேரிங் முழு வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கோன் செட் அப்படிச் சுற்றுவதில்லை. வண்டி நேராகப் போகும்போது குண்டுகள் அத்தனையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த இடத்திலிருந்து கிரீஸ் ஒதுங்கிவிடும், இரும்பும் இரும்பும் உரசத் தொடங்கும். அதன்மேல் பள்ளத்தின் அடி வேறு. கோன் லூசாக இருந்தால் ஒவ்வொரு பள்ளமும் குண்டுகளைக் கப்பில் வைத்து அடிக்கிற மாதிரிதான். நாளாக ஆக, நேராகப் போகும் நிலையில் குண்டுகள் நிற்கும் இடங்களில் மட்டும் சின்னச் சின்னக் குழிகள் விழும். அளவுக்கு மீறி முறுக்கினாலும் இதே கதிதான்.

நம் பக்கத்தில் கீழ் கப்தான் முதலில் போகும். முன் டயர் வாரி அடிக்கும் தண்ணீரும் மண்ணும் நேராக அங்கேதான் போய்ச் சேர்கின்றன. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்கரையை ஒட்டி ஓடும் வண்டிக்கு உப்புக்காற்று வேறு. மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். பிரித்துப் பார்த்தால் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துரு கலந்த பழுப்புச் சேறு இருக்கும்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். முறுக்குவது பத்து நிமிட வேலை. எதற்காக முறுக்குகிறோம் என்று தெரிந்துகொள்வதில்தான் பாதி வேலை இருக்கிறது.

சமதளமான சிமெண்ட் தரையில் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சினுக்கு அடியில் ஒரு மரப்பலகை வைத்து, ஜாக்கியால் முன் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். சைலன்சர் பைப்பின் மேல் எடை விழக் கூடாது. ஜாக்கி இல்லையென்றால் ஒருவர் பின்னால் கேரியரை அழுத்திப் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் வேலை முடியும்வரை அவர் நகரவே கூடாது. சைடு ஸ்டாண்டில் இதைச் செய்யவே முடியாது.

வண்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்காருங்கள். இரண்டு ஃபோர்க்கின் அடிப்பகுதியையும் இரண்டு கையால் பிடித்து, உங்கள் பக்கம் இழுத்து, பிறகு எஞ்சின் பக்கம் தள்ளுங்கள். 'டக்' என்று ஆடுகிறதா? ஆடினால் உடனே கோன்தான் என்று முடிவு கட்டாதீர்கள். கூட இருப்பவரை ஹெட் பைப்பின் கீழ் வாயும் 'டி'யும் சேரும் இடுக்கில் ஒரு விரலை வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் இழுத்துத் தள்ளும்போது அந்த இடுக்கு விரிந்து சுருங்குவது விரலுக்குத் தெரிந்தால் அது கோன். அங்கே அசைவே இல்லாமல் ஃபோர்க்கின் மேல் குழாய்க்கும் கீழ்க் காலுக்கும் நடுவில் ஆடினால் ஃபோர்க் புஷ் தேய்ந்திருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் சக்கரத்தையே மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், வீல் பேரிங்காக இருக்கலாம். இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு, நல்ல கோனை முறுக்கி முறுக்கிக் கெடுத்த வண்டிகள் ஏராளம்.

அடுத்தது, ஹேண்டிலை இரண்டு விரலால் மட்டும் பிடித்து, இடது கோடியிலிருந்து வலது கோடிக்கு மெல்லத் திருப்புங்கள். வழுவழுவென்று போக வேண்டும். நட்டநடுவில், அதாவது சக்கரம் நேராக இருக்கும்போது, பழைய ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்புவது போல ஓரிடத்தில் விழுந்து உட்கார்ந்து, பிறகு தயங்கிக் கிளம்புகிறதா? அப்படியென்றால் கப்பில் குழி விழுந்துவிட்டது. மணல் அரைபடுவது போலத் தெரிந்தால் உள்ளே துரு.

கடைசியாக, சக்கரத்தை நேராக நிறுத்திவிட்டு ஹேண்டிலின் ஒரு பக்கத்தை விரலால் லேசாகச் சுண்டுங்கள். தன் எடையிலேயே அந்தக் கோடி வரை விழ வேண்டும், மற்ற பக்கமும் அதேபோல. பாதியில் நின்றால் கோனைக் குறை சொல்வதற்கு முன் கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஹெட்லைட் ஒயர் ஏதாவது இழுத்துப் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

ஆட்டம் இருக்கிறது, திருப்பினால் வழுவழுப்பு இருக்கிறது என்றால் உங்களுக்கு நல்ல நேரம், சரிசெய்தால் போதும். ஆட்டம் இல்லை, ஆனால் ஹேண்டில் விழ மறுக்கிறது என்றால் யாரோ அதிகமாக முறுக்கியிருக்கிறார்கள், அல்லது கிரீஸ் காய்ந்துவிட்டது. நடுவில் குழி தட்டுகிறது என்றால் முறுக்கிப் பயனில்லை, செட் மாற்றத்தான் வேண்டும். குழி விழுந்த கோனை முறுக்கினால் ஹேண்டில் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும், அவ்வளவுதான்.

கருவிகள்

மேல் பிளேட்டின் நடுவில் தண்டின் தலையைப் பிடித்திருக்கும் பெரிய நட்டுக்கு, அதாவது மேல் நட்டுக்குப் பொருந்தும் பெரிய ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர் ஒன்று, போல்ட்டுகளுக்கு வழக்கமான ஸ்பேனர்கள், பழைய துணி, ஒரு வெள்ளை மார்க்கர், முக்கியமாக ஒரு சி ஸ்பேனர், அதாவது நட்டின் பள்ளத்தில் கொக்கி போல மாட்டும் வளைந்த ஸ்பேனர். பிராட்வே பக்கத்து டூல்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் ஜிபி ரோடு. நட்டின் சுற்றளவு கடைக்குப் போவதற்குள் மறந்துபோகும், அதனால் வண்டியிலேயே போய் அளவு பார்த்து வாங்குவது உத்தமம்.

உளி ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், தட்டத் தட்ட நட்டின் பள்ள விளிம்பு மழுங்கி, ஒருநாள் எந்த ஸ்பேனரும் பிடிக்காமல் போகும். இன்னொன்று, ஒரு தட்டுக்கு நட்டு எவ்வளவு நகர்ந்தது என்பது கைக்குத் தெரியாது. சி ஸ்பேனரில் ஒரு நூல் நகர்ந்தாலும் தெரியும்.

வேலையைத் தொடங்கலாம்

1. ஜாக்கியை இறக்கி, சக்கரத்தைத் தரையில் வையுங்கள். பெட்ரோல் டேங்க் மேல் தடித்த துணி போடுங்கள். டேங்க்கைக் கழற்றி வைத்துவிட்டால் இன்னும் நிம்மதி, ஸ்பேனர் வழுக்கினால் பெயின்ட் போகாது.

2. மேல் நட்டு ஹேண்டில்பாருக்கு அடியில் மறைந்திருந்தால் ஹேண்டில்பார் கிளாம்ப் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். அதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கேபிள்கள் மடங்காமல் ஹேண்டிலைத் துணியின் மேல் சாய்த்து வையுங்கள். டிஸ்க் பிரேக் வண்டி என்றால் ஆயில் டப்பா கவிழக் கூடாது.

3. மேல் பிளேட்டில் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை லேசாகத் தளர்த்துங்கள், அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம். சில வண்டிகளில் பக்கவாட்டில் கிளாம்ப் போல்ட் இருக்கும், சிலவற்றில் ஃபோர்க்கின் தலை போல்ட்டே இந்த வேலையைச் செய்யும். தலை போல்ட்டை முழுசாகக் கழற்றிவிடாதீர்கள், அடியில் ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும்.

பலரும் விட்டுவிடுவது இந்த மூன்றாவது வேலையைத்தான். ஃபோர்க் குழாய்களை மேல் பிளேட்டும் கீழ் 'டி'யும் ஒரே நேரத்தில் கெட்டியாகப் பிடித்திருக்கும்போது, நடுவில் இருக்கும் நட்டை முறுக்கினால் பிளேட்டும் 'டி'யும் ஒன்றையொன்று நெருங்க வழியில்லை. நட்டு டைட் ஆன மாதிரி கைக்குத் தெரியும், கோனுக்குப் போய்ச் சேராது. சாலையில் ஓடி ஃபோர்க் தன் இடத்தில் உட்கார்ந்ததும் 'டக்' திரும்ப வரும். கீழ் 'டி'யின் போல்ட்டை மட்டும் தொடாதீர்கள், அதையும் தளர்த்தினால் ஃபோர்க் நழுவும்.

4. மேல் நட்டைக் கால் சுற்று, அரைச் சுற்று தளர்த்துங்கள். இது நல்ல பலம் கேட்கும் வேலை, அதனால்தான் சக்கரம் தரையில் இருக்கும்போதே செய்யச் சொல்கிறேன். ஜாக்கி மேல் நிற்கும் வண்டியில் பெரிய நட்டை இழுத்தால் வண்டி உங்கள் மேல் சாயும்.

5. இப்போது ஜாக்கியில் முன்பக்கத்தைத் தூக்குங்கள். மேல் பிளேட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தால், சுற்றிலும் பள்ளம் வெட்டிய நட்டு தெரியும். அதுதான் நாம் தேடும் அட்ஜஸ்ட் நட்டு. சில வண்டிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இருக்கும். மேலே இருப்பது லாக், கீழே இருப்பதுதான் அட்ஜஸ்ட். நட்டிலும் அதன் எதிரே ஹெட் பைப்பிலும் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். எங்கிருந்து கிளம்பினோம் என்று தெரியும்.

6. சி ஸ்பேனரை மாட்டி, முதலில் நட்டைத் தளர்த்துங்கள். ஆட்டம் நன்றாகத் தெரியட்டும், கைக்கு அது பழகட்டும். பிறகு மேலிருந்து பார்க்க வலப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். கொஞ்சம் என்றால் இரண்டு பள்ளத்துக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில் கால் பங்கு. ஒவ்வொரு முறையும் ஃபோர்க்கை இழுத்துத் தள்ளிப் பாருங்கள். ஆட்டம் குறைந்து, குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அங்கே கையை எடுத்துவிடுங்கள். "இன்னும் ஒரு இழுப்பு, சேஃப்டிக்கு" என்று தோன்றும். வேண்டாம். ஹேண்டிலைச் சுண்டிப் பாருங்கள், முன்பு போலவே இரண்டு பக்கமும் தானாக விழ வேண்டும்.

7. மேல் நட்டை முறுக்குங்கள். முறுக்கும்போது அட்ஜஸ்ட் நட்டும் கூடவே சுற்றப் பார்க்கும், இன்னொரு கையால் சி ஸ்பேனரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசி இழுப்பு சக்கரம் தரையில் இருக்கும்போது. எவ்வளவு பலம் என்பதற்கு உங்கள் வண்டி மேனுவலில் இருக்கும் டார்க் அளவைப் பாருங்கள்.

8. மறுபடி தூக்கி, எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்யுங்கள். அனேகமாக ஹேண்டில் கொஞ்சம் இறுகியிருக்கும். மேல் நட்டு இறங்கும்போது மேல் பிளேட்டைக் கீழே தள்ளி, மரையில் இருக்கும் இடைவெளியை எல்லாம் எடுத்துவிடும், அந்த அழுத்தம் கோனுக்கும் போகும். திரும்ப மேல் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்ட் நட்டை ஒரு மயிரிழை பின்னுக்கு எடுத்து, மேல் நட்டை முறுக்கிப் பாருங்கள். ஒரே தடவையில் அமைந்துவிட்டால் அதிர்ஷ்டம். இரண்டு மூன்று தடவை போய் வருவது சகஜம், சலித்துக்கொள்ளாதீர்கள்.

9. ஃபோர்க் போல்ட்டுகள், ஹேண்டில்பார் கிளாம்ப் எல்லாவற்றையும் முறுக்கி, மீண்டும் ஒருமுறை சுண்டிப் பாருங்கள். எஞ்சினைப் போட்டு ஐட்லில் விட்டு, ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் திருப்புங்கள். ரேஸ் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது. அதைச் சரிசெய்யாமல் தெருவில் இறங்கவே கூடாது.

பல பழைய ஜப்பானிய வண்டிகளின் மேனுவலில் இதற்கு ஓர் அளவே கொடுத்திருப்பார்கள்: கொக்கித் தராசை ஃபோர்க்கில் மாட்டி இழுத்தால் எத்தனை கிலோவில் ஹேண்டில் திரும்பத் தொடங்க வேண்டும் என்று. காசிமேட்டில் மீன் நிறுக்கிறார்களே, அந்தச் சின்னத் தராசே போதும். கை பழகும்வரை இது நல்ல துணை.

புல்லட்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய புல்லட்டில் ஹெட்லைட்டையும் ஃபோர்க் தலைகளையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ஒரே பெரிய வார்ப்புத் தலை இருக்கிறது, தண்டைக் கவ்விப் பிடிக்கும் கிளிப் போல்ட்டும் அதில்தான். அந்தப் போல்ட்டைத் தளர்த்தாமல் நட்டை முறுக்கினால் ஒன்றும் நடக்காது, மரைதான் போகும்.

அதிகம் முறுக்கினால் என்ன ஆகும்?

எங்கள் தெருப் பையன் ஒருவன் ஆர்எக்ஸைத் தள்ளிக்கொண்டு வந்தான். "அண்ணா, கோன் டைட் பண்ணதுலருந்து சிக்னல்ல மெதுவா போனா வண்டி நேரா நிக்க மாட்டேங்குதுண்ணா. இந்தப் பக்கம் ஒரு தபா, அந்தப் பக்கம் ஒரு தபா போவுது." சக்கரத்தைத் தூக்கிவிட்டு ஹேண்டிலை எங்கே விட்டோமோ அங்கேயே நின்றது. சுண்டினாலும் நகரவில்லை.

மெதுவாகப் போகும்போது நாம் நமக்கே தெரியாமல் ஹேண்டிலை இடமும் வலமும் துளித்துளியாகத் திருப்பித்தான் வண்டியை நிமிர்த்தி வைக்கிறோம். கோன் இறுகியிருந்தால் அந்தத் துளி அசைவு தாமதமாக வரும், வந்தால் அதிகமாக வரும். அதைச் சரிக்கட்ட எதிர்ப்பக்கம் இன்னொரு அதிகம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் திறந்ததும் நாலு வண்டிக்கு நடுவே ஊர்ந்து போகும்போது இது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. 'டக்' சத்தத்தோடு ஓடும் வண்டியாவது தன் குறையைக் காதுக்குச் சொல்கிறது, இறுகிய கோன் சத்தமே போடாது.

செட் மாற்ற வேண்டியிருந்தால்

புதியவர்கள் இதை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். கப்பை ஹெட் பைப்பிலிருந்து கோணாமல் தட்டி எடுக்கவும், புதியதை நேராக இறக்கவும் அனுபவம் வேண்டும். ஆனால் பக்கத்தில் நின்று நாலு விஷயம் பாருங்கள். கப், கோன், குண்டுகள் முழு செட்டாக மாற்றப்பட வேண்டும், பழைய கப்பில் புதுக் குண்டு போடக் கூடாது. மேலே எத்தனை குண்டு, கீழே எத்தனை, என்ன அளவு என்று கழற்றும்போதே எண்ணி வைக்க வேண்டும், பல வண்டிகளில் இரண்டும் வேறு வேறு. கீழே பழைய பேப்பர் விரிக்கச் சொல்லுங்கள், தண்டு இறங்கும்போது குண்டுகள் சிதறி ஓடும். கிரீஸில் கஞ்சத்தனம் வேண்டாம், வீல் பேரிங்குக்குப் போடும் லித்தியம் கிரீஸே போதும், கீழ் கப்பில் தாராளமாக அப்பட்டும்.

கழற்றிய பழைய கப்பைக் கேட்டு வாங்கித் துணியால் துடைத்துவிட்டு, குண்டு ஓடிய பாதையில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் புள்ளிகள், நகத்துக்குச் சின்னச் சின்னப் பள்ளமாக வரிசையாக இடறும்.

புது செட் போட்டால் முதலில் சற்றுப் பலமாகவே முறுக்கி, ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் சில முறை திருப்பி, கப்புகளை உட்கார வைத்து, பிறகு முழுசாகத் தளர்த்தி, மேலே சொன்னபடி புதிதாகச் சரிசெய்ய வேண்டும். அப்படியும் சில வாரத்தில் கொஞ்சம் லூஸ் ஆகும், அது குறை இல்லை. மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். குண்டுக்குப் பதில் டேப்பர் ரோலர், அதாவது சாய்வான உருளைகள் உள்ள பேரிங், போடலாமா என்று கேட்பார்கள். உங்கள் வண்டிக்குச் சரியான அளவில் நல்ல தரத்தில் கிடைத்தால் போடலாம், நீண்ட நாள் உழைக்கும். மழை, உப்புக்காற்றிலிருந்து அதற்கும் கிரீஸ்தான் காப்பு.

ஓட்டிப் பார்ப்பது

முதல் சோதனை ஓட்டத்தை டிஎச் ரோட்டில் (திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்) வைத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் ஆளில்லாத உட்தெரு போதும். 20 கிலோமீட்டர் வேகத்தில் முன் பிரேக்கைச் சற்று அழுத்திப் பிடியுங்கள், 'டக்' வரக் கூடாது. பிறகு நடக்கும் வேகத்துக்குக் குறைத்து, எட்டுப் போட்டுப் பாருங்கள், ஹேண்டில் எந்தப் பக்கமும் தயங்கக் கூடாது. இரண்டு கையையும் விட்டுப் பார்க்கும் வித்தை வேண்டவே வேண்டாம்.

இவ்வளவும் செய்து, கோனில் ஆட்டமே இல்லை என்று விரல் சொன்ன பிறகும் 'டக்' வருகிறதா? முன் மட்கார்டு போல்ட், ஹெட்லைட் பிராக்கெட், ஹேண்டில்பார் கிளாம்ப், டிரம் பிரேக் என்றால் பிரேக் பிளேட்டை ஃபோர்க்கில் பிடித்திருக்கும் இடம், எஞ்சின் மவுண்ட் போல்ட் என்று ஒவ்வொன்றாகக் கை வைத்து அசைத்துப் பாருங்கள். கோன் நட்டைத் திரும்பத் தொடாதீர்கள்.